காடு இளையது, கல் மூத்தது: பட்டிப்பளை ஆற்று மேற்படுகையின் குகை ஓவியங்களும் மாறிய நிலமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பட்டிப்பளை ஆறு ஊவா மலைகளின் கிழக்குச் சரிவில் பிறந்து, நில்கலவின் புல்வெளிகளையும் இங்கினியாகலைக் குன்றுகளையும் கடந்து, அம்பாறைச் சமவெளியில் பரவி, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. அரச வரைபடங்களில் அதன் பெயர் கல்லோயா. இந்த ஆற்றின் மேற்படுகையிலும், அதற்கு வடக்கே மகாஓயா, நுவரகல காடுகள் வரையிலும் சிதறிக் கிடக்கும் பாறைக் குகைகள் பலவற்றில் பெரும்பாலும் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்திலும் அரிதாகச் செந்நிறத்திலும் தீட்டப்பட்ட உருவங்கள் உள்ளன. பத்திரிகைச் செய்திகளும் சுற்றுலாப் பலகைகளும் இவற்றை “வரலாற்றுக்கு முற்பட்ட ஓவியங்கள்” என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிடுகின்றன. இந்த ஆய்வு கேட்பது வேறொரு கேள்வி: இவை வரையப்பட்ட காலத்தில் குகை வாசலுக்கு வெளியே எத்தகைய நிலம் இருந்தது? இதற்கு விடை தேடிப் போனால் ஓவியத்தின் வயது பற்றிய விடையும் உடன் கிடைக்கிறது. நாம் ஆதிகாடு என்று நம்பிக்கொண்டிருக்கும் காட்டின் வயதும் கேள்விக்குள்ளாகிறது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கின் தாழ்நிலம் முழுவதும் விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய நைஸ் என்ற உருமாறிய பாறையின் மேல் அமைந்திருக்கிறது. சுற்றியிருந்த பாறை காலப்போக்கில் அரித்துக் கரைந்துபோக, உறுதியான பகுதிகள் மட்டும் சமவெளியில் தனித்தனிக் குன்றுகளாக எஞ்சின. குடும்பிமலை, குசலான்மலை, ராஜகல ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. வெயிலிலும் மழையிலும் மாறிமாறி நனைந்து காயும் இப்பாறைகள் வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகக் கழலும். ஈரம் தங்கும் அடிப்பாகம் மேற்பாகத்தைவிட விரைவாக உதிர்வதால், பெரும் பாறைகளின் அடியில் கூரைபோல நீண்ட ஒதுக்கிடங்கள் உருவாகின்றன. ஆகவே குகை என்ற சொல்லைக் கேட்டதும் இருண்ட சுரங்கத்தைக் கற்பனை செய்யக் கூடாது. இங்குள்ளவை வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும் பாறைத் தாழ்வாரங்கள். மனிதரைக் குடியமர்த்திய அதே தேய்மானம் இன்றும் நிற்காமல் நடக்கிறது என்பதையும், ஓவியத்தைத் தாங்கி நிற்கும் ஏடும் ஒருநாள் கழலக்கூடியது என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

இப்படுகையில் மனித வாழ்க்கை மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பவுல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற ஆய்வாளர்கள் 1907இல் நில்கலக் குகையை அகழ்ந்து, வெள்ளைப் படிகக்கல்லில் செதுக்கிய சிறு கருவிகளை எடுத்தார்கள். அதையடுத்து சி. ஜி. செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் ஹெனேபெத்தைப் பகுதியின் பெந்தியாகல்கே குகைகளில் தோண்டியபோதும் அதே வகைக் கற்கருவிகளே வெளிவந்தன. குகையின் தரையில் கற்காலம் கிடக்க, அதன் சுவரில் ஓவியம் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே காலத்தவையாகக் கருதிவிடுவதில்தான் பெரும்பாலான விளக்கங்கள் வழுக்கி விழுகின்றன. தரையின் அடுக்கில் ஒரு சமூகம் விட்டுச் சென்ற பொருளும், அதே இடத்தின் சுவரில் இன்னொரு சமூகம் கீறிய கோடும் ஒன்றுக்கொன்று சாட்சியாக முடியாது.

கல்லில் கிடக்கும் வரிசை

மகாஓயாப் பக்கத்தில் நான் பார்த்த ஒரு குகையை இங்கே சற்று விரிவாக விவரிக்கிறேன். அதன் பெயரையும் வழியையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். புதையல் தோண்டுவோர் இப்பகுதியில் எத்தனை குகைத் தரைகளைக் கிளறிவிட்டார்கள் என்பதை அறிந்தவர்கள் காரணம் கேட்கமாட்டார்கள். குகையின் வாய் தென்மேற்கே திறந்திருக்கிறது. பாறையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் விளிம்பிலேயே சொட்டிவிடும்படி, நீளவாக்கில் ஒரு வெட்டு உளியால் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே, உட்சுவரில், யானை ஒன்றும் அதன் முதுகில் கையை உயர்த்திய ஓர் ஆளும், சற்றுத் தள்ளி உடும்பு ஒன்றும், புள்ளிகளாலான வரிசை ஒன்றும் உள்ளன. கோடுகள் ஏறத்தாழ ஒரு விரல் தடிப்பமானவை. விரல் பாறையில் பதிந்த இடத்தில் சாம்பல் கெட்டியாகவும் இழுத்து முடித்த இடத்தில் மெலிந்தும் இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு இழுத்தார்கள் என்பதைக்கூட அதிலிருந்து சொல்லிவிடலாம். யானையின் பின்காலை ஒரு கறையான் பாதை குறுக்கே மூடியிருக்கிறது. அருகே வேட்டுவன் குளவி கட்டிய மண்கூடுகளும், அண்மையில் வந்தவர்கள் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டுப் போன பெயர்களும் கிடக்கின்றன. அங்கே எங்களை அழைத்துப்போன பட்டிக்காரர், “மாரிக்கு நாங்களும் மாடும் இதுக்குள்ளதான் தம்பி ஒதுங்குற. இந்தக் கீறலெல்லாம் எங்கட அப்பா காலத்திலயும் கிடந்தது” என்றார்.

அந்தச் சுவரில் கவனிக்க வேண்டியது யானையின் வயிற்றுப் பக்கம். அந்தப் பகுதியை யாரோ உளியால் கொத்திச் சமப்படுத்தியிருக்கிறார்கள். உளித்தடங்களின் பள்ளத்துக்குள்ளும் சாம்பல் இறங்கி நிற்கிறது. அதாவது உளி முதலில் வந்தது, விரல் பிறகு வந்தது. நெற்றி வெட்டும் சுவர் செதுக்கலும் பௌத்த பிக்குகளுக்காகக் குகைகள் தானம் செய்யப்பட்ட காலத்துக்கு உரியவை, கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரை பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட தானக் கல்வெட்டுகள் இத்தகைய வெட்டுகளின் கீழேதான் காணப்படுகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் கரடியனாற்றுக்கு அருகேயுள்ள குசலான்மலையிலும் அவை உண்டு. எனவே இந்த யானையை, பழமையின் உச்ச எல்லையாக எடுத்தாலும், பிக்குகள் குகையைச் செதுக்கிய பின்னரே வைக்க முடியும்.

இது தனியொரு குகையின் விசித்திரம் அன்று. இலங்கையின் பாறை ஓவியங்களை நாடளாவிய நிலையில் ஆராய்ந்து 1986இல் தம் கட்டுரையை வெளியிட்ட பி. டி. நந்ததேவ உள்ளிட்டோர் எடுத்துக்காட்டியிருக்கும் இடங்களில், நெற்றி வெட்டுள்ள குகைகளும் ஓவியங்களும் சேர்ந்தே வருவது மீண்டும் மீண்டும் தென்படுகிறது. வெள்ளைச் சாம்பலில் எரியாத கரி மிகக் குறைவு என்பதால் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு அது எளிதில் இடங்கொடுப்பதில்லை. ஆகவே எது எதன் மேல் கிடக்கிறது என்று பார்க்கும் இந்தப் பழைய முறையே நமக்கு இன்றுள்ள நம்பகமான அளவுகோல்.

வரைந்தவர்கள் யார் என்பதற்கும் ஒரு சாட்சியம் உண்டு. 1911இல் வெளியான தம் நூலில் செலிக்மன் தம்பதியர், இலங்கையின் பழங்குடிகளான வேடர்கள் குகைச் சுவர்களில் வரைந்த உருவங்களின் படங்களைத் தந்திருக்கிறார்கள். சாம்பலை உமிழ்நீரில் குழைத்து விரலால் தீட்டுவதாகவும், வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை பெண்கள் பொழுதுபோக்காக வரைவதாகவும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகிறார்கள். வேட்டை மந்திரம், வழிபாட்டுச் சின்னம் என்று எழுதுவது கவர்ச்சியாக இருப்பதே காரணம் என்று நினைக்கிறேன். வேடர்களுக்கு இறந்த உறவினரின் ஆவிகளை அழைக்கும் விரிவான சடங்குகள் இருந்தன. அவற்றை அதே நூல் நுணுக்கமாகப் பதிவுசெய்கிறது. சடங்கைச் சடங்கு என்று சொல்லத் தெரிந்தவர்கள், ஓவியத்தைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் முறை.

மூன்று முறை மாறிய நிலம்

மிகப் பழைய மாற்றத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. மேற்கே இலங்கை இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. கிழக்கில் கடலடி மேடை குறுகியதாகையால் கரை அவ்வளவு தூரம் விலகவில்லை. இங்கே பெரிய வேறுபாட்டைக் கொண்டுவந்தது மழைதான். பருவமழை வலுக்குன்றியிருந்த அக்காலத்தில் நிலம் இப்போதையதைவிட வறண்டிருந்தது. பின்னர் கடல் உயர்ந்து நின்றபோதுதான் மட்டக்களப்பு வாவி உட்பட இன்று நாம் அறிந்த வாவிகளும் மணல்மேடுகளும் உருப்பெற்றன. கற்கருவி செய்தவர்களின் உலகம் இது. சுவரிலுள்ள யானைக்கு இதில் பங்கில்லை.

இரண்டாவது மாற்றமே இவ்வாய்வின் மையம். கி.மு. கடைசி நூற்றாண்டுகளிலிருந்து இப்படுகையிலும் அதன் வடக்கிலும் குளங்கள் கட்டப்பட்டன, வயல்கள் திருத்தப்பட்டன, குன்றுகளில் துறவிகள் குடியேறினார்கள். அம்பாறை–மகாஓயா வீதிக்கு அருகேயுள்ள ராஜகலவில், இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர், அவரோடு வந்த இட்டிய தேரர் ஆகியோரின் தாதுகோபத்தைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த மலை முழுவதும் இடிபாடுகள் பரவியுள்ளன. இவ்வளவு துறவிகளுக்கு உணவளிக்க மலையடியில் செழிப்பான ஊர்கள் இருந்திருக்க வேண்டும். அப்படியானால், குகையின் நெற்றியில் உளி விழுந்த நாளில் வாசலில் நின்று பார்த்தவரின் கண்ணில் பட்டது அடர்காடு அன்று. குளத்து நீரும் வயலும் மேய்ச்சல் நிலமும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனைகளின் புகையும்தான்.

பிறகு, 13ஆம் நூற்றாண்டையொட்டி உலர்வலயத்தின் பெரும்பகுதியில் நீர்ப்பாசன வாழ்க்கை தளர்ந்தது. அணைகள் உடைந்தன, வயலில் முட்புதர் எழுந்து, பின் மரம் எழுந்தது. இன்று இப்பகுதிக் காட்டில் ஓங்கி நிற்கும் வீரையும் பாலையும் முதிரையும் கருங்காலியும் பல இடங்களில் பழைய குளக்கட்டுகளின் மேலும் தூண்களின் இடையிலும் வேரூன்றியவை. வனத்தில் நடக்கும்போது காலில் தட்டுப்படும் செங்கற் துண்டு இதை நாள்தோறும் சொல்கிறது. ஆளற்றுப்போன துறவிக் குகைக்குள் வேடர்கள் வந்தது, அல்லது திரும்பி வந்தது, இந்தக் கட்டத்தில்தான். ஓவியம் காட்டின் வருகையோடு சேர்ந்து வந்தது என்பதே என் முடிவு. “ஆதிகாட்டில் வாழ்ந்த ஆதிமனிதனின் ஓவியம்” என்று நாம் பழக்கத்தில் எழுதும் தொடரில், காட்டுக்கு முன்னால் உள்ள அடைமொழியே முதலில் விழுந்துவிடுகிறது.

காட்டோடு புல்வெளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நில்கலப் பக்கத்தில் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, இடையே உயர்ந்த புல் விளைந்து கிடக்கும் திறந்த நிலம் மழைக்குறைவால் மட்டும் உண்டானதன்று. ஆண்டுதோறும் வைக்கப்பட்ட தீ அதை அந்த நிலையில் வைத்திருக்கிறது. எரித்த இடத்தில் இளம்புல் துளிர்க்கும். இளம்புல்லுக்கு மானும் மரையும் வரும். அவற்றின் பின்னே வேட்டைக்காரர் வருவார். ஓவியங்களில் தோன்றும் மான், மரை, யானை, சிறுத்தை, உடும்பு, நாய், வில் ஏந்திய ஆள் ஆகிய அனைத்தும் இந்தத் திறந்த நிலத்துக்கும் காட்டோரத்துக்கும் உரியவை. மரமோ ஆறோ மலையோ வரையப்படவில்லை. அங்கே நிலம் விலங்கின் வடிவில்தான் இருக்கிறது. இலங்கையில் பனியுகத்தில் வாழ்ந்து மறைந்த சிங்கமும் காண்டாமிருகமும் இப்பட்டியலில் இல்லை. வரையப்பட்ட விலங்குகள் எல்லாம் இக்காடுகளில் இன்றும் உலவுபவை.

யானைமேல் அமர்ந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டு யானை மட்டுமே அறிந்த ஒருவரால் அதை வரைய முடியாது. பழக்கிய யானையை அவர் எங்கோ பார்த்திருக்கிறார்: அரசனின் படையிலோ, விகாரை ஊர்வலத்திலோ, அல்லது யானை பிடிப்பவர்களின் முகாமிலோ. யானை பிடிப்பதும் விற்பதும் கிழக்கில் நீண்டகாலத் தொழிலாக இருந்தது. ஏறாவூர்ப் பக்கத்துப் பணிக்கர்களின் பெயர் அதில் பிரபலம். குகைவாசி வெளியுலகம் அறியாதவர் என்ற எண்ணத்தை இந்த ஓர் உருவமே கலைத்துவிடுகிறது. வேடர் தேனும் மெழுகும் இறைச்சியும் கொடுத்து இரும்பு அம்புத்தலையும் துணியும் வாங்கியவர்கள். அவர்களின் காடு சந்தைக்கு ஒருநாள் நடையில் இருந்தது.

மூன்றாவது மாற்றம் நம் தாத்தாமார் கண்ணெதிரே நடந்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் ஆறு மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 78 சதுர கிலோமீற்றர் பரப்பில் சேனநாயக்க சமுத்திரம் உருவானது. கீழே, அம்பாறைச் சமவெளியில், காடு வெட்டப்பட்டு நெல்வயலும் கரும்பும் குடியேற்ற ஊர்களும் வந்தன. அதன் தொடர்ச்சியாக 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. இத்திட்டத்தின் அரசியலையும் குடித்தொகை விளைவுகளையும் கிழக்கு மக்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். குகைகளைப் பொறுத்தவரை நடந்தது குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. பள்ளத்தாக்கின் அடிப்பகுதி, அதாவது கோடையிலும் நீர் நின்ற ஆற்றுப்பாய்ச்சலும் விலங்குகள் இறங்கிய துறைகளும், நீருக்குள் போயின. குன்றுகள் சில தீவுகளாகின. யானைகள் அவற்றுக்கிடையே நீந்திக் கடப்பதைப் பார்க்க இன்று படகுச் சவாரி நடக்கிறது. தனிகல, ஹெனேபெத்தை வேடர்கள் தம் குகைகளையும் வேட்டைப் பரப்பையும் இழந்து குடியேற்றங்களுக்குள் நகர்ந்தார்கள். ரத்துகலவில் மட்டும் ஒரு பகுதியினர் காட்டோரத்தில் தங்கினர். 1954இல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு தேசியப் பூங்காவானபோது எஞ்சியிருந்த வேட்டையும் சட்டத்துக்குப் புறம்பானதாகிவிட்டது. சுவரில் வரையும் பழக்கத்துக்கு வேண்டியவை ஒரு குகை, ஓர் அடுப்பு, வேட்டைக்குப் போனவருக்காகக் காத்திருக்கும் ஒரு மாலை. இவை மூன்றும் ஒரே தலைமுறையில் இல்லாமற் போயின.

இதே கதையின் வடக்குக் கிளை இன்னும் முடியவில்லை. மகாஓயாவின் ரம்பகன் ஓயா நீர்த்தேக்கத்தை அண்டிய காட்டில் சோளச் செய்கைக்காக நிலம் துப்புரவாக்கப்பட்டதை எதிர்த்து, வேடர் தலைவர் ஊருவரிகே வன்னிலா அத்தோ 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். பொல்லெபெத்தை வேடர்களின் மூதாதையர் நிலம் என்பதே அவரது வாதத்தின் அடிப்படை. அந்த நிலத்துக்குள்தான் குகைகளும் இருக்கின்றன.

எஞ்சியிருப்பது எதைக் காட்டுகிறது

ஓவியங்கள் உள்ள குகைகளை வரைபடத்தில் குறித்து, அங்கெல்லாம் வேடர் வாழ்ந்தனர், மற்ற இடங்களில் வாழவில்லை என்று முடிவுகட்டும் பழக்கம் ஆய்வேடுகளிலும் புகுந்திருக்கிறது. இது தவறான வழி. சாம்பலும் உமிழ்நீரும் சேர்ந்த வண்ணம் ஒரு நல்ல மழைச்சாரலைத் தாங்காது. இங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை, வடகிழக்கிலிருந்து, காற்றோடு அடித்து வருகிறது. வடகிழக்கே வாய் திறந்த குகையின் சுவர் ஒவ்வொரு மாரியிலும் நனையும். தென்மேற்கே திறந்த குகைக்குக் கச்சான் காற்றின் வறண்ட வெக்கை மட்டுமே வரும். மேலே சொன்ன குகை தென்மேற்கே பார்த்திருப்பது தற்செயல் ஆகாது. நாம் இன்று காண்பது வேடர் வாழ்ந்த இடங்களின் வரைபடத்தை அல்ல, அவர்கள் வரைந்தவற்றில் மழை தொடாமல் விட்டவற்றின் வரைபடத்தை.

மரங்களும் இந்தக் கணக்கில் சேரும். குகை வாசலில் நிற்கும் வீரையும் பாலையும் சாரலை மறிக்கின்றன. வெயில் நேரே சுவரில் விழாமல் தடுக்கின்றன. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி ஒரே இரவில் காட்டின் மேற்கூரையைப் பிய்த்தெறிந்ததை வயதானவர்கள் இன்றும் கதைப்பார்கள். அத்தகைய திறப்பு ஏற்பட்டதும் பாறை பகலில் கொதித்து இரவில் குளிர்கிறது, ஏடு கழலும் வேகம் கூடுகிறது. சேனைக்காகவோ சோளத்துக்காகவோ குகையடிவரை வெட்டினாலும் விளைவு அதுவே. அதனோடு தீயும் வந்தால் சுவர் வெடித்து உதிரும், எஞ்சியது புகையேறிக் கறுக்கும்.

இங்கே சட்டத்தின் எல்லை பற்றிய என் கருத்தையும் வைக்கிறேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் குகையையும் கல்வெட்டையும் ஓவியத்தையும் காப்பாற்றப் போதிய அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் குகை தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்க, அதன் வாசலிலுள்ள மரம் வனப் பரிபாலனத் திணைக்களத்துக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ மகாவலி அதிகாரசபைக்கோ உரியதாக இருக்கிறது. ஓவியத்தைக் காக்கும் மரத்தை ஓவியத்தோடு சேர்த்துக் காக்கும் கடமை எவருக்கும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை. கம்பிவேலி போட்டுப் பலகை நடுவது எளிது. நான் பார்த்த சில இடங்களில் பலகை வந்த பிறகுதான் சுண்ணக்கட்டி எழுத்தும் வந்தது.

பதிவுசெய்யும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. சுவரில் தண்ணீர் தெளித்தால் படம் தெளிவாக விழும் என்று சிலர் இன்றும் செய்வதுண்டு. இந்த வண்ணத்துக்கு அது அழிவு. சுற்றிலும் சுண்ணக்கட்டியால் கோடிழுத்துப் படம் எடுப்பதும் அப்படியே. மங்கிய நிறத்தைக் கணினியில் பிரித்தெடுக்கும் டிஸ்ட்ரெட்ச் போன்ற மென்பொருள்கள் சுவரைத் தொடாமலே உதவுகின்றன. சிவப்பு, மஞ்சள் வண்ணங்களில் அவற்றின் பலன் அதிகம். சாம்பல் வெள்ளைக்குச் சாய்வான ஒளியில் எடுத்த சாதாரணப் படமே சிலவேளை அதைவிட நன்றாகப் பேசும். படத்தோடு குகை வாயின் திசை, நெற்றி வெட்டு உண்டா இல்லையா, உளித்தடம் வண்ணத்துக்குக் கீழே கிடக்கிறதா மேலே கிடக்கிறதா, வாசலில் நிற்கும் மரங்கள், மிக அருகிலுள்ள பழைய குளக்கட்டு ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதாவிட்டால், எடுத்த படம் எந்த நிலத்துக்கும் உரியதாகாமல் அந்தரத்தில் நிற்கும்.

இந்த வேலையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு அப்பால் பட்டி வைத்திருப்பவர்களும் தேன் எடுப்பவர்களும் எங்களைவிட அதிகம் அறிந்தவர்கள். எந்தக் குகை மாரியில் ஒழுகும், எது ஒழுகாது என்பதற்கு அவர்களிடம் தலைமுறைக் கணக்கு உண்டு. வாகரை, பனிச்சங்கேணி, குஞ்சன்குளம் பக்கங்களில் தமிழ் பேசும் வேடச் சமூகத்தாரும் இருக்கிறார்கள். அவர்கள் வாழும் கடலோர மணலில் குகைகள் இல்லாததால் பாறை ஓவிய ஆய்வில் அவர்களை யாரும் விசாரிப்பதில்லை. உள்காட்டு வேடர்களோடு அவர்களை ஒப்பிட்டு செலிக்மன் அன்றே எழுதியிருக்கிறார். வரைதல் பற்றிய நினைவோ சொல்லோ அவர்களின் சடங்குகளில் எஞ்சியிருக்கிறதா என்ற கேள்வியோடு அவர்களிடம் போவது அடுத்த களப்பணியின் முதல் வேலையாக இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற காலம் வைகாசிக்கும் புரட்டாசிக்கும் இடைப்பட்ட மாதங்கள்: பாதைகள் காய்ந்திருக்கும், சேனநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டம் இறங்கி 1949க்கு முந்திய பள்ளத்தாக்கின் சில விளிம்புகள் வெளியே தெரியும், பட்டிக்காரர்களும் மாடுகளைக் காட்டோரத்துக்குக் கொண்டு போயிருப்பார்கள்.